கிரீன் பெல்ட்டில் 150 வீடுகள்: ஆட்சேபனைக் கடிதத்தை எப்படி எழுதுவது?

கேள்வி: இங்கிலாந்தின் ஹார்ட்ஃபர்ட்ஷயரில் ஒரு சிறிய கிராமத்தில் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். எங்கள் தெரு முடியும் இடத்தில் குதிரைகள் மேயும் புல்வெளி ஒன்று உள்ளது. அது கிரீன் பெல்ட் எனப்படும் பசுமை வளைய நிலம். அங்கே 150 வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருப்பதாக விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு கட்டியிருக்கிறார்கள். கவுன்சிலுக்கு மூன்று பக்க ஆட்சேபனைக் கடிதம் எழுதியுள்ளேன். பக்கத்துக் கிராமமும் எங்கள் கிராமமும் ஒன்றாகிவிடும், வீட்டு விலை குறையும், பின்வாசல் காட்சி மறையும், சாலை நெரிசலாகும், மழைக்காலத்தில் அந்த நிலத்தில் தண்ணீர் நிற்கும் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். நகலை இணைத்துள்ளேன். இது போதுமா?
— ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். அதில் மிக வலுவான பகுதி, மூன்றாம் பக்கத்தின் அடியில் பின்குறிப்பைப் போல நீங்கள் எழுதியிருக்கும் நான்கு வரிகள்தான். "ஜனவரியில் மேய்ச்சல் நிலத்தின் தாழ்ந்த மூலையில் தண்ணீர் தேங்கி, குதிரைக்காரர் வேலியை மேலே நகர்த்திக் கட்டுவார், அந்தத் தண்ணீர் எங்கள் சந்துக்குள் வழிந்து மூன்று வீடுகளின் வாசற்படிவரை வந்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு பக்கங்களில் உள்ள வீட்டு விலையையும் பின்வாசல் காட்சியையும் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் கவுன்சிலின் திட்ட அதிகாரி விரும்பினாலும் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. தனிப்பட்ட சொத்தின் மதிப்பு குறைவதும், சன்னலிலிருந்து தெரியும் காட்சி மறைவதும் திட்ட அனுமதியைத் தீர்மானிக்கும் காரணங்களாகச் சட்டப்படி ஏற்கப்படுவதில்லை. ஆகவே அவற்றை நீக்கிவிட்டு, கடைசியில் இருப்பதை முன்னால் கொண்டுவாருங்கள்.

அடுத்து, நீங்கள் முதலிடம் கொடுத்திருக்கும் வாதத்தைப் பார்ப்போம். இரண்டு கிராமங்கள் ஒட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இன்றைய விதிகளில் அந்த வாதத்துக்கு வலு குறைவு என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். லண்டனைச் சுற்றிய நிலங்களுக்கான 1938ஆம் ஆண்டுச் சட்டத்தோடும், நாடு முழுவதும் இத்தகைய வளையங்களை அமைக்க உள்ளாட்சி மன்றங்களை (கவுன்சில்களை) ஊக்குவித்த 1955ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையோடும் வளர்ந்த இந்தக் கொள்கை, நிலத்தின் அழகைக் காப்பதற்காக வந்ததன்று. பெரிய நகரங்கள் கட்டுப்பாடின்றிப் பரவுவதைத் தடுத்தல், அண்டை நகரங்கள் ஒன்றாவதைத் தடுத்தல், நாட்டுப்புறத்தை ஆக்கிரமிப்பிலிருந்து காத்தல், வரலாற்று நகரங்களின் சூழலைப் பேணுதல், பாழடைந்த நகர நிலங்களை மீண்டும் பயன்படுத்தத் தூண்டுதல் ஆகிய ஐந்தே அதன் நோக்கங்கள். 2024 டிசம்பரில் தேசியத் திட்டக் கொள்கை திருத்தப்பட்டபோது, இவற்றுள் முதலாவது, இரண்டாவது, நான்காவது நோக்கங்கள் எதற்கும் வலுவாகப் பங்களிக்காத நிலத்தைக் 'கிரே பெல்ட்' என்று பிரித்து, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அங்கே வீடு கட்டுவதைப் பொருத்தமற்றதாகக் கருத வேண்டாம் என்றார்கள். நாட்டுப்புறத்தைக் காக்கும் மூன்றாவது நோக்கம், அதாவது நம்மைப் போன்றவர்கள் கிரீன் பெல்ட் என்றதும் முதலில் நினைக்கும் அந்த நோக்கம், இந்தச் சோதனையில் இல்லவே இல்லை. 2025 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டுதல், ஒன்றாகிவிடும் அபாயம் நகரங்களைப் பற்றியது, கிராமங்களைப் பற்றியதன்று என்றும் தெளிவாக்கிவிட்டது.

அதனால் வரைபடத்தை விரித்து வைத்து வேறொரு கேள்வியைக் கேளுங்கள். உங்கள் புல்வெளிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? பெரிய நகரம் ஒன்றின் விளிம்பு அங்கே வந்து நின்றிருந்தால், "கிராமங்கள் ஒன்றாகிவிடும்" என்பதை அடித்துவிட்டு, "இந்த வயலே நகரின் பரவலை இப்பக்கம் தடுத்து நிறுத்துகிறது, இதற்கும் நகர எல்லைக்கும் இடையே சாலையோ ஆறோ மரவரிசையோ வேறு தடுப்பு எதுவும் இல்லை" என்று எழுதுங்கள். இரண்டு நகரங்களுக்கு நடுவே எஞ்சியிருக்கும் இடைவெளியில் இந்த நிலம் எவ்வளவு என்பதை அளந்து எழுதினால் இன்னும் நல்லது. நிலம் கிரே பெல்ட் அன்று என்று நிறுவிவிட்டால், மிகச் சிறப்பான சூழ்நிலை இருப்பதாக நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டிய பழைய, கடுமையான விதி மீண்டும் பொருந்தும். அப்போது கிரீன் பெல்ட்டுக்கு நேரும் கேட்டுக்கு மன்றம் கணிசமான எடை தந்தாக வேண்டும்.

அந்த வாதம் நிற்காமல் போனாலும், கிரே பெல்ட்டுக்கான நிபந்தனைகளில் ஒன்று, இடம் காரை மட்டுமே நம்பாமல் நடந்தோ பேருந்திலோ போய்வரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது. கிராமங்களுக்கு உண்மையான பிடிமானம் இங்கேதான் உள்ளது என்று நான் நினைக்கிறேன். உங்கள் பேருந்து மணிக்கு ஒன்று, மாலை ஏழுக்கு மேல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கால அட்டவணையின் நகலை இணையுங்கள். மேல்நிலைப் பள்ளிக்கும் மருத்துவரின் கிளினிக்குக்கும் எத்தனை மைல், வழியில் நடைபாதை எங்கே முடிகிறது, விளக்கில்லாத பகுதி எவ்வளவு என்பதையெல்லாம் ஒரு ஞாயிறு மாலை நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாலை நெரிசல் பற்றிப் பொதுவாக எழுதுவதில் பயனில்லை. சாலைப் பாதுகாப்புக்கு ஏற்க முடியாத கேடு விளைந்தாலோ, போக்குவரத்து மீதான மொத்தத் தாக்கம் கடுமையாக இருந்தாலோ மட்டுமே அந்தக் காரணத்தால் மறுக்கலாம் என்று தேசியக் கொள்கை கூறுகிறது. நிறுவனம் தாக்கல் செய்துள்ள போக்குவரத்து மதிப்பீட்டு அறிக்கையைத் திறந்து, வாகனங்களை எந்தத் தேதியில் எண்ணினார்கள் என்று முதலில் பாருங்கள். அது பள்ளி விடுமுறை வாரமாக இருந்தால் அந்த ஒரு வரியே உங்கள் வாதம்.

இனி தண்ணீர். "வெள்ள அபாயம் உண்டு" என்று எழுதினால் அது ஒரு கருத்து. "கடந்த மூன்று குளிர்காலங்களில் இந்த மூலையில் தண்ணீர் தேங்கியதற்கான தேதியிட்ட படங்கள் இணைப்பில் உள்ளன, விண்ணப்பத்தின் வடிகால் வரைபடம் அதே மூலையில் பதினெட்டு வீடுகளைக் காட்டுகிறது" என்று எழுதினால் அது ஆதாரம். உங்கள் கைபேசியில் பழைய படங்கள் இருக்கும். பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள். அரசின் சுற்றுச்சூழல் முகமை வெளியிடும் வரைபடத்தில் மழைநீர் தேங்கும் அபாயம் தனியாகவே காட்டப்பட்டுள்ளது. வடிகால் பற்றி மன்றத்துக்குக் கருத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு ஹார்ட்ஃபர்ட்ஷயர் முழுவதற்குமான கவுண்டி கவுன்சிலுடையது என்பதால், அதே படங்களை அங்கேயும் அனுப்புங்கள். பல்லுயிர் வளத்தைக் குறைந்தது 10 சதவீதம் கூட்டித் தர வேண்டும் என்ற விதி பெரிய திட்டங்களுக்கு 2024 பிப்ரவரி முதல் கட்டாயமாகியிருப்பதால், நீங்கள் சொல்லும் ஹாதார்ன் முட்செடி வேலியை அவர்கள் கணக்கில் எப்படி மதிப்பிட்டிருக்கிறார்கள் என்பதையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. "இங்கே யாருக்கும் புது வீடு தேவையில்லை" என்ற உங்கள் வரியை எடுத்துவிடுங்கள். இந்த நாடாளுமன்றக் காலத்துக்குள் இங்கிலாந்தில் 15 லட்சம் வீடுகள் என்று அரசு இலக்கு வைத்திருக்கும்போது, ஐந்தாண்டுத் தேவைக்கான நிலம் தன்னிடம் இருப்பதாகக் காட்ட முடியாத மன்றத்தின் முன் அந்த வரி எடுபடாது. அதோடு, வாடகை கொடுத்தே சம்பளத்தைத் தொலைக்கும் நம் பிள்ளைகளை நினைத்தால் எனக்கே அதைப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது. அதற்குப் பதிலாக, கிரீன் பெல்ட்டில் கட்டும் பெரிய திட்டங்கள் வழக்கமான அளவைவிட 15 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக, 50 சதவீத உச்சவரம்புக்கு உட்பட்டு, மலிவு விலை வீடுகளைத் தர வேண்டும் என்ற விதியை நிறுவனம் உண்மையில் நிறைவேற்றுகிறதா என்று கேளுங்கள். நிறைவேற்றினால் அது அவர்களுக்குச் சாதகமாகவும் எடைபோடப்படும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கேள்வி: நான் இங்கே வாடகைக்கு இருப்பவன், குடியுரிமையும் இன்னும் கிடைக்கவில்லை. ஆட்சேபனை தெரிவிக்கலாமா? என் பெயர் வெளியே தெரியுமா? நூறு பேரிடம் கையெழுத்து வாங்கி மனுவாகக் கொடுப்பது மேலா?
— ஒரு வாசகர்

பதில்: யார் வேண்டுமானாலும் தெரிவிக்கலாம், நில உரிமையோ குடியுரிமையோ கேட்பதில்லை. கடிதம் பொதுவாக மன்றத்தின் இணையதளத்தில் பெயரோடு வெளியாகும். பெயரில்லாக் கடிதத்துக்கு மதிப்பில்லை. நூறு கையெழுத்துள்ள ஒரு மனுவைப் பல மன்றங்கள் ஒரே கருத்தாகப் பதிவு செய்வதால், பத்துப் பேர் தம் சொந்தச் சொற்களில் பத்துக் கடிதங்கள் எழுதுவதே மேல். அறிவிப்பு வெளியானதிலிருந்து குறைந்தது 21 நாள்கள் அவகாசம் உண்டு. கிராம அளவிலான பாரிஷ் கவுன்சில் கூட்டத்துக்கும் போய்ப் பேசுங்கள். முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லையென்றாலும், அதன் கருத்து அதிகாரியின் அறிக்கையில் இடம்பெறும்.

கேள்வி: எங்கள் ஊர் வயலில் வீடு கட்ட மன்றம் அனுமதி கொடுத்துவிட்டால் நாங்கள் மேல்முறையீடு செய்யலாமா? அதன் குறுக்கே பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஒன்றும் உண்டு. அந்த வயலைக் கிராமப் பொதுவெளியாகப் பதிவு செய்தால் கட்ட முடியாதாமே?
— ஒரு வாசகி

பதில்: மேல்முறையீட்டு உரிமை விண்ணப்பதாரருக்கு மட்டுமே உண்டு. மன்றம் மறுத்தால் நிறுவனம் மேல்முறையீட்டு ஆய்வாளரிடம் போகலாம். மன்றம் அனுமதித்தால் நீங்கள் போக முடியாது. ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் நீதிப் பரிசீலனை கோரலாம் என்றாலும், முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்பதையே நீதிமன்றம் பார்க்கும். முடிவு நல்லதா என்பதைப் பார்க்காது. செலவும் அதிகம்.

பொதுவெளிப் பதிவுக்கு, 20 ஆண்டுகள் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஊரார் அங்கே விளையாடியும் உலாவியும் வந்ததை மெய்ப்பிக்க வேண்டும். ஆனால் திட்ட விண்ணப்பம் பொது அறிவிப்பாக வெளியான பிறகு அந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்க முடியாதபடி 2013ஆம் ஆண்டுச் சட்டம் கதவை அடைத்துவிட்டதால், உங்கள் வயலுக்கு இது இப்போது உதவாது. எனினும் அந்த வயலின் குறுக்கே பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அது கவுண்டி கவுன்சிலின் பாதை வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், 20 ஆண்டுகளாக அதில் தடையின்றி நடந்தவர்களிடம் தனித்தனியாக எழுத்து வாக்குமூலம் வாங்கி, பொதுப் பாதையாகச் சேர்க்க விண்ணப்பிக்கும் வழி இன்னும் திறந்திருக்கிறது. அது வீடுகளை நிறுத்திவிடாது. ஆனால் பதிவான பாதையை முறையான ஆணையின்றி மூடவோ திருப்பிவிடவோ நிறுவனத்தால் முடியாது. ஊரில் வயதில் மூத்தவர்களை முதலில் போய்ப் பாருங்கள்.