ரோமில் ஆபீஸ் வேலை, மிச்ச நேரத்தில் பழைய நகரம்: கேள்வி பதில்

அலுவலக வேலையாக ரோமுக்குப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை. புறப்படும் முன் அந்தந்த இடத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கார்த்திக், சென்னை: சார், இ.யூ.ஆர் பகுதியில் மூன்று நாள் மீட்டிங். தினமும் மாலை ஐந்தரைக்குத்தான் விடுவார்கள். சனிக்கிழமை மட்டும் முழு நாள் ஃப்ரீ. கொலோசியம், வாத்திகன் இரண்டையும் அன்றைக்கே பார்த்துவிடலாமா?

காலால் முடியும், கண்ணுக்குத்தான் ஒன்றும் நிற்காது. கொலோசியம், அதன் பக்கத்தில் பண்டைய ரோமின் நகர மையமாக இருந்த ஃபோரம், அதை ஒட்டிய பாலடைன் குன்று மூன்றையும் ஒழுங்காகப் பார்க்க நாலைந்து மணி நேரம் வேண்டும். வாத்திகன் அருங்காட்சியகத்துக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். சனிக்கிழமையை ஒன்றுக்குக் கொடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் கொலோசியம் பக்கம்தான். காலை முதல் நேரத்துக்கு டிக்கெட் எடுத்தால் வெயிலும் கூட்டமும் ஏறுவதற்குள் உள்ளே இருப்பீர்கள்.

வாத்திகன் அருங்காட்சியகத்தில் மூடும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கடைசி நுழைவு. இ.யூ.ஆரிலிருந்து மெட்ரோ பி பிடித்து, டெர்மினியில் இறங்கி மெட்ரோ ஏ-க்கு மாறி ஒட்டாவியானோ போய்ச் சேர வேண்டும். ஐந்தரைக்கு மேல் கிளம்பினால் அது எட்டாது.

அதனால் வார நாள் மாலைகளைத் திறந்தவெளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இ.யூ.ஆரிலிருந்து மெட்ரோ பி மாறாமல் கொலோசியோ நிலையத்துக்கே போகிறது. அங்கிருந்து ஃபோரி இம்பீரியாலி சாலையில் நடந்தால் வலப்புறம் டிராஜன் தூண், இடப்புறம் ஃபோரம். கடைசியில் கம்பிடோலியோ குன்றின் படியேறி, சதுக்கத்துக்குப் பின்புறம் போய் நின்றால் விளக்கொளியில் ஃபோரம் முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். டிக்கெட் கிடையாது. இன்னொரு மாலை பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனின் முகப்பு, நவோனா சதுக்கம், டிரெவி நீரூற்று என்று போடுங்கள். மூன்றும் நடக்கிற தூரம்தான்.

மீட்டிங் கட்டடத்திலிருந்து பத்து நிமிடம் கிடைத்தால் இ.யூ.ஆரிலேயே 'சதுரக் கொலோசியம்' என்று பெயரெடுத்த வெள்ளைக் கட்டடத்தைப் பாருங்கள். முசோலினி 1942-இல் நடத்த நினைத்து, போரால் நடக்காமல் போன கண்காட்சிக்காக எழுப்பியது.

நித்யா, கோயம்புத்தூர்: பிசினஸ் விசாவில் போய்க்கொண்டு இரண்டு நாள் கூடுதலாகத் தங்கிச் சுற்றிப் பார்ப்பது தப்பில்லையா?

தப்பில்லை. ஆனால் விண்ணப்பிக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். சிக்கல் வருவது இப்படித்தான்: அழைப்புக் கடிதத்தில் திங்கள் முதல் வியாழன் வரை என்று இருக்கும், விமான டிக்கெட் ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கும், நடுவில் உள்ள நாட்களுக்கு ஓட்டல் பதிவும் இருக்காது, காப்பீடும் இருக்காது. முகப்புக் கடிதத்தில் "கூட்டம் முடிந்தபின் இரண்டு நாள் சொந்தச் செலவில் சுற்றுலா" என்று ஒரு வரி எழுதி, அந்த நாட்களுக்கான ஓட்டல் பதிவையும் சேர்த்து வையுங்கள். இத்தாலிக்கு எடுக்கும் ஷெங்கன் விசாவுக்கான காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் எல்லா நாட்களுக்கும் இருக்க வேண்டும். கம்பெனி எடுத்துக் கொடுக்கும் காப்பீடு பல நேரம் வேலை நாட்களோடு நின்றுவிடும். தேதியைச் சரிபாருங்கள்.

விசா ஸ்டிக்கரில் இரண்டு கணக்கு இருக்கும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்பது ஒன்று, அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொன்று. வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இந்த இரண்டாவது கணக்கில் சேரும்.

அருண், பெங்களூரு: கொலோசியம் டிக்கெட் தளத்தில் எப்போது பார்த்தாலும் காலி. ஏஜென்டிடம் மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்குவதா?

அவசரப்படாதீர்கள். அதிகாரப்பூர்வத் தளத்தில் 30 நாள் முன்னதாகத்தான் விற்பனை திறக்கும். அதற்கு முன் பார்த்தால் ஒன்றும் இருக்காது, ரொம்பப் பின்னால் பார்த்தாலும் இருக்காது. சாதாரண டிக்கெட் 18 யூரோ. அதிலேயே ஃபோரமும் பாலடைனும் அடக்கம், 24 மணி நேரம் செல்லும். கொலோசியத்துக்கு மட்டும்தான் குறித்த நேரம். ஃபோரத்துக்கு அதற்கு முன்னும் போகலாம், பின்னும் போகலாம், ஒரே ஒரு முறை. டிக்கெட்டில் பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி இனிஷியலை விரித்து எழுதுங்கள். "கே. அருண்" என்று போட்டுவிட்டு வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது நம்மவர்களுக்கு மட்டுமே வரும் தொல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். வரிசையைப் பார்த்தால் காசு கொடுத்தே போயிருக்கலாம் என்று தோன்றும்.

ஷாகுல், திருச்சி: ஓட்டலைக் காலி செய்துவிட்டு நேராகப் போகிறேன். லேப்டாப் பையும் சின்ன டிராலியும் கையில் இருக்கும்.

டிராலியோடு கொலோசியத்துக்குள் விட மாட்டார்கள், வைத்துவிட்டுப் போக அங்கே இடமும் இல்லை. சின்ன லேப்டாப் பை சோதனையைத் தாண்டிவிடும். கண்ணாடி பாட்டில் கூடாது. ஓட்டல் வரவேற்பிலேயே பெட்டியை வைத்துவிட்டுப் போங்கள், காலி செய்த பிறகும் பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் டெர்மினி ரயில் நிலையத்தில் கட்டணப் பாதுகாப்பறை இருக்கிறது. வாத்திகன் அருங்காட்சியகத்தில் பெரிய பையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் அங்கிருந்து அப்படியே புனித பேதுரு பேராலயத்துக்குப் போய்விட்டால், பைக்காக மதிலைச் சுற்றித் திரும்பி வர வேண்டும்.

ஜெனிஃபர், நாகர்கோவில்: புதன்கிழமை காலை மட்டும்தான் எனக்கு நேரம். பேராலயத்துக்குப் போகலாமா?

புதன் காலை போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு இருந்தால் மதியம் வரை பேராலயத்துக்குள் சுற்றிப் பார்க்க விட மாட்டார்கள். சந்திப்பில் கலந்துகொள்ளவே போகிறீர்கள் என்றால் நல்லது, அதற்கு டிக்கெட் இலவசம், முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அன்று அருங்காட்சியகத்துக்கும் சிஸ்டைன் சிற்றாலயத்துக்கும் போங்கள், அவை திறந்திருக்கும். சிற்றாலயத்தில் படம் எடுக்கக் கூடாது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை, சுடிதார் எல்லாம் சரிதான், ஸ்லீவ்லெஸ் என்றால் ஒரு துப்பட்டா போதும்.

பேராலயத்தின் குவிமாடம் ஏற 551 படி. லிப்டில் போனாலும் அதற்கு மேல் 320 படி மிச்சம். கடைசிப் பகுதியில் சுவர் சாய்ந்து வரும், இரண்டு பேர் ஒதுங்க இடமில்லை. மூச்சு முட்டும் என்று நினைப்பவர்கள் தவிர்க்கலாம்.

முருகேசன், மதுரை: கைடு இல்லாமல் கொலோசியத்தில் எதைப் பார்ப்பது? வெறும் இடிந்த சுவராகத்தானே தெரிகிறது.

உள்ளே போகும் முன் வெளியே நில்லுங்கள். மெட்ரோவை விட்டு வந்ததும் எதிரே தெரிவது வடக்குப் பக்கம், முழு உயரம் மிஞ்சியிருப்பது அங்கேதான். தரைத்தள வளைவுகளின் மேல் ரோமன் எண்கள் செதுக்கியிருப்பதைக் காணலாம். மொத்தம் 80 வாசல். நான்கு முக்கிய வாசல்களுக்கு எண் கிடையாது, மீதி 76-க்கும் உண்டு. இன்று 23 முதல் 54 வரைதான் மிஞ்சியிருக்கின்றன. அந்தக் காலத்தில் காட்சி பார்க்க வந்த மக்கள் கையிலிருந்த சீட்டில் வாசல் எண் இருக்கும், அதன்படி உள்ளே போவார்கள்.

சுவரெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருக்கும். கல்லோடு கல்லைப் பிணைத்த இரும்புக் கவ்விகளை இடைக்காலத்தில் தோண்டி எடுத்ததால் வந்தவை அவை. தெற்குப் பக்க வெளிச்சுவர் 1349 நிலநடுக்கத்தில் சரிந்தது. அந்தப் பக்கம் அடியில் இருந்தது இளகிய வண்டல் மண்.

தமிழ்ச்செல்வன், கரூர்: எங்கள் ஊரில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. ரோமில் நம் பக்கத்துத் தடயம் ஏதாவது பார்க்க முடியுமா?

முடியும், பலரும் தெரியாமல் தாண்டிப் போகிறார்கள். ஃபோரத்துக்குள் மூன்று பிரம்மாண்டமான வளைவுகளோடு நிற்கிற மாக்சென்டியஸ் பசிலிக்காவைத் தேடுங்கள். அது எழும்பிய இடத்தில் அதற்கு முன் இருந்தது பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்கு, ஹொர்ரியா பைப்பரட்டாரியா. கிழக்கிலிருந்து வந்த மிளகும் மற்ற வாசனைப் பொருள்களும் அங்கே இருப்பு வைக்கப்பட்டன. சேரர் துறைமுகமான முசிறியில் யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு 149-ஆம் பாட்டு சொல்கிறதே, அந்தச் சரக்கு போய்ச் சேர்ந்த முனை இது. கரூர்க் காசுகளும் இந்த வணிகத்தோடு வந்தவைதான். கொலோசியம் டிக்கெட்டிலேயே பார்த்துவிடலாம்.

ரேவதி, சேலம்: மழை பெய்தால்?

பாந்தியன். கட்டணம் 5 யூரோ. கூரை நடுவே திறந்த வட்டம், எட்டு ஒன்பது மீட்டர் அகலம். மழை நேராக உள்ளே விழும், தரையின் மெல்லிய சரிவில் ஓடிச் சின்னத் துளைகளில் வடிந்துவிடும். குவிமாடத்தின் குறுக்களவு 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரையும் அதே அளவு. உள்ளே கம்பி இல்லாத கான்கிரீட், மேலே போகப் போக எடை குறைந்த கல்லைக் கலந்திருக்கிறார்கள். அது தேவாலயமும்கூட, பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க முடியாது.

லட்சுமி, கும்பகோணம்: சுத்த சைவம். என்ன சாப்பிடுவது?

துண்டு போட்டு எடை பார்த்து விற்கும் பீட்சா கடைகள்தான் கை கொடுக்கும். 'மரினாரா' என்றால் தக்காளி, பூண்டு, எண்ணெய், சீஸ்கூட இல்லை. 'காச்சோ எ பெப்பே' பாஸ்தாவில் இறைச்சி கிடையாது, ஆனால் அதில் போடும் பெக்கொரீனோ சீஸ் ஆட்டுக்குட்டி வயிற்று நொதியால் உறையவைத்தது. அதைப் பொருட்படுத்துபவர்கள் தவிர்க்கவும். 'சுப்ளி' என்ற அரிசி உருண்டையில் பெரும்பாலும் கறிச்சாறு இருக்கும். குடிதண்ணீருக்குக் காசு வேண்டாம், தெருவோர இரும்புக் குழாய்களில் வருவது நல்ல தண்ணீர். காலி பாட்டில் கொண்டுபோங்கள்.

விக்னேஷ், ஓசூர்: மெட்ரோ, பஸ்ஸில் நம் கார்டு வேலை செய்யுமா? திருட்டு எப்படி?

வாசலில் கார்டைத் தட்டினால் போதும், ஆளுக்கொரு கார்டு. ஒரு தட்டலுக்கு 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும், அதற்குள் மெட்ரோவில் ஒரே பயணம். இந்திய கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் வங்கி ஆப்பில் தனித்தனியாகத் திறந்துவைக்க வேண்டும். மறந்தால் வாசலில் சிவப்பு விளக்குதான்.

ஜேப்படிக்குப் பேர்போனது டெர்மினியிலிருந்து வாத்திகன் பக்கம் போகும் 64-ஆம் எண் பஸ். கதவு மூடும் நேரத்தில் நெருக்கித் தள்ளுவார்கள். அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி ஏறாதீர்கள். வெள்ளிக்கிழமை என்றால் வேலைநிறுத்தம் உண்டா என்று பாருங்கள். இருந்தாலும் காலை எட்டரை வரையும் மாலை 5 முதல் 8 வரையும் வண்டி ஓடும்.

பிரபு, வேலூர்: திரும்பும்போது ஃபியுமிசினோ விமான நிலையத்துக்கு எந்த ரயில்?

டெர்மினி பக்கம் தங்கினால் லியோனார்டோ எக்ஸ்பிரஸ்: 14 யூரோ, 32 நிமிடம், நடுவில் நிற்காது. இ.யூ.ஆரில் தங்கினால் டெர்மினி வரை போக வேண்டியதில்லை. மெட்ரோ பி-யில் பிராமிதே நிலையத்தில் இறங்கினால் ஒட்டியே ஒஸ்தியென்சே ரயில் நிலையம். அங்கே எஃப்.எல்.1 ரயில், 8 யூரோ. தாள் டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு.