ஆர்36எஸ்: புது கார்டு போட்டதும் திரை கறுப்பாக நிற்கிறதா?

தம்பி, மார்த்தாண்டத்தில் வாங்கிய புது மெமரி கார்டில், ஆர்36எஸ் என்ற கையடக்க கேம் கருவிக்கான ஆர்க்ஓஎஸ் இயங்குதளத்தை ஏற்றியதும் சத்தம் வருகிறது, திரை மட்டும் கறுப்பு என்கிறீர்கள், அப்படியென்றால் கருவி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது, கவலை வேண்டாம். ஆர்36எஸ்ஸில் திரைப் பேனல் பல வகை, ஒவ்வொன்றுக்கும் டிடிபி கோப்பு (எந்தத் திரை என்று கருவிக்குச் சொல்லும் கோப்பு) வேறு. பழைய கார்டைக் கம்ப்யூட்டரில் சொருகி, பூட் பகுதியில் (கருவி தொடங்கும்போது படிக்கும் பகுதி) இருக்கும் டிடிபி கோப்பை எடுத்துப் புது கார்டின் பூட் பகுதியில் இருக்கும் டிடிபி கோப்புக்குப் பதிலாகப் போடுங்கள். நடுவில் விண்டோஸ் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும், தொடவே தொடாதீர்கள்.

உங்களுடையது குளோன், அதாவது ஆர்36எஸ்ஸைப் போலவே செய்த நகல் கருவி என்றால், அதற்குரிய ஆர்க்ஓஎஸ் பதிப்பைத்தான் ஏற்ற வேண்டும்.

அப்புறம், ஆர்கே3326 சிப், 1 ஜிபி ரேம்: பழைய கேம் கருவிகளான பிஎஸ்1 (பிளேஸ்டேஷன் 1), ஜிபிஏ (கேம்பாய் அட்வான்ஸ்) ஆகியவற்றின் கேம்கள் அருமையாக ஓடும், கனமான பிஎஸ்பி (பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்) கேம்கள் திணறும். போர்ட்மாஸ்டர் என்ற கேம் நிறுவும் செயலியை மட்டும் விட்டுவிடாதீர்கள், இதில் ஓடும்படி ரசிகர்களே மாற்றித் தந்த கேம்கள் ஏராளம், பல இலவசம்.