வைரம் என்றால் எந்த வைரம்?

கேள்வி: ‘அழுத்தம் இருந்தால்தான் கரி வைரமாகும்’ என்றார் எங்கள் அலுவலகத்தில் வந்து பேசியவர். எனக்கோ தினமும் சின்னச் சின்னத் தொல்லைகள். ராத்திரி தூக்கம் கெடுகிறது. இந்தத் தொல்லைகளைக் கொண்டே மனசை உரப்படுத்திக்கொள்வது எப்படி? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: உங்கள் அலுவலகத்துக்கும் வந்துவிட்டாரா? போன வருடம் எங்களிடம் வந்தார். அவரே வந்தாரோ, அவர் மாதிரி இன்னொருவரோ. ஆள் மாறினாலும் கரி மாறுவதில்லை.

முதலில் கரி பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். நிலக்கரி என்பது புதைந்துபோன செடிகொடிகள். தரையில் செடி முளைக்க ஆரம்பித்து 50 கோடி ஆண்டுகூட ஆகவில்லை. பூமியில் கிடைக்கும் வைரங்களில் பெரும்பாலானவற்றின் வயதோ 100 கோடி ஆண்டுக்கு மேல். பேரனுக்கு வயதாகி வயதாகிக் கடைசியில் தாத்தாவைப் பெற்றான் என்கிற கதை இது. போகட்டும், வைரம் அப்படி என்ன உறுதி? கீறினால் தாங்கும். சுத்தியலால் ஒன்று போடுங்கள், சில்லுச் சில்லாகச் சிதறும். அந்த ரக மனிதர்களை நானும் பார்த்திருக்கிறேன். வருடக்கணக்கில் ஒரு கீறல் விழாது, திடீரென்று ஒருநாள் கூட்டி அள்ள வேண்டியிருக்கும்.

இதை அன்றைக்கு எழுந்து நின்று சொன்னேன். “சார், நெகட்டிவா யோசிக்காதீங்க” என்றார். அறையே கைதட்டியது. எங்கள் பிழைதிருத்துநரும் தட்டினார். அதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

தமிழில் இன்னொரு வைரம் உண்டே, மரத்தின் வைரம். அதைச் சொல்லியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று வயதானவர்களைப் புகழ்கிறோம். (தாவரவியல் படித்தவரிடம் இப்படிச் சொல்லிவிடாதீர்கள். நடுவில் இருக்கும் அந்த வைரத்தில் உயிருள்ள செல் கிடையாது. வேரிலிருந்து தண்ணீர் ஏற்றும் வேலையெல்லாம் சுற்றிலும் உள்ள வெளுத்த, இளகிய பகுதிக்குத்தான்.) மரம் நன்றாகத் தடிக்க அது காற்றில் ஆடவும் வேண்டும். 1973இல் மார்டெகாய் ஜாஃபே என்ற தாவரவியலாளர் செடிகளின் தண்டைத் தினமும் கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டுப் பார்த்தார். பல செடிகள் உயர்வதைக் குறைத்துக்கொண்டன. அவரைச் செடி போன்றவற்றின் தண்டு தடித்தது. கன்றைக் கம்போடு இறுக்கிக் கட்டினால் நெடுநெடுவென்று வளரும், அடி பெருக்காது, கம்பை உருவியதும் சாயும். ஆட இடம்விட்டுத்தான் கட்டச் சொல்வார்கள்.

ஆக, அன்றாடத் தொல்லை ஆளை உரமாக்கும் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பேச்சாளருக்கு இதற்கு மேல் என்னிடமிருந்து எதுவும் கிடைக்காது.

மீதிப் பாதி இது: ஜாஃபே கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் செடியைச் சும்மா விட்டார். நீங்கள் உங்களை விடுகிறீர்களா? கடிதத்தில் பேச்சாளருக்கு முழுசாக ஒரு வரி, தூக்கத்துக்கு மூன்றே சொல். ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லை மருத்துவத்தில் பரப்பிய ஹான்ஸ் செலியே, 1936இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், ஓயாமல் ஓடவிட்டாலும் உடம்பு ஒரே மாதிரிதான் எதிர்வினை காட்டியது. முதலில் பதற்றம். பிறகு பழகிக்கொண்டு தாக்குப்பிடித்தல். தொல்லையை நிறுத்தாமல் தொடர்ந்தால், ஒன்று முதல் மூன்று மாதத்தில் அந்தத் தாக்குப்பிடித்த எலியே சுருண்டது. நம் பேச்சாளர் இரண்டாம் கட்டத்தில் எலியைப் போட்டோ எடுத்து, “பாருங்கள், வைரம்!” என்று காட்டிவிட்டு அடுத்த அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுகிறார்.

எனவே தொல்லையைத் தேடிப்போய்ப் பயிற்சி எடுக்க வேண்டாம், வீட்டு வாசலுக்கே வருகிறது. வந்ததில் உங்கள் கைக்கு அடங்கிய ஒன்றை எடுத்து முடியுங்கள். மற்றதை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு, போனை வேறு அறையில் போட்டுவிட்டுப் படுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லையென்றால் பத்திரிகைக்கு எழுதாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

அந்தக் கம்பையும், அதாவது தாங்கிப்பிடிக்க ஓர் ஆளையும், மறந்துவிடாதீர்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, ஓயாத குடும்பச் சண்டை என்று எல்லாம் சூழ்ந்த பிள்ளைகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்தார். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, அக்கறையோடு கவனித்துக்கொள்ளப் பெரியவர் ஒருவராவது வாய்த்திருந்தது. அலுவலகத் தொல்லையை யாரிடமாவது சொல்லிப் புலம்புகிறீர்களா? புலம்புங்கள். கேட்கிறவர் கரி, வைரம் என்று ஆரம்பிக்காத ஆளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவதாகவும் ஒரு வைரம் இருக்கிறது. தீராப் பகைக்கும் அதுதான் பெயர். இந்தப் பதிலை எங்கள் பிழைதிருத்துநருக்கு அனுப்பினேன். அத்தனை ‘வைர’த்தையும் ‘வயிரம்’ ஆக்கி, ‘இதுவே பழைய வடிவம்’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். கைதட்டியவரேதான். ஒவ்வொன்றாகத் திரும்ப மாற்றியிருக்கிறேன். அச்சுக்குப் போகுமுன் கடைசியாக ஒருமுறை பார்ப்பவரும் அவர்தான். உங்கள் கையில் உள்ள இதழில் ‘வைரம்’ என்றே இருந்தால், நான் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.