வார்டு இல்லாத எம்.எஸ்ஸி.

அன்புள்ள அக்காவுக்கு,

பி.எஸ்ஸி. ஊட்டச்சத்தியல் முடித்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. திருமணம், குழந்தை என்று நாட்கள் ஓடிவிட்டன. மகளுக்கு இப்போது மூன்று வயது. எம்.எஸ்ஸி. படித்து டயட்டீஷியன் ஆக வேண்டும் என்று ஆசை. ஊர் திண்டுக்கல் பக்கம். தபால் வழியில் படித்தால் போதாதா என்கிறார் கணவர். தோழி ஒருத்தி மூன்று மாத ஆன்லைன் சான்றிதழை வைத்துக்கொண்டு டயட் சார்ட் கொடுத்துச் சம்பாதிக்கிறாள். "எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்ல இன்னும் இரண்டு வருடப் படிப்பா?" என்று கேட்கிறார் மாமனார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

தபால் வழிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உணவு, ஊட்டச்சத்தியல், மருத்துவ உணவியல் படிப்புகளைத் தொலைதூர வழியிலோ இணைய வழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. மருத்துவம் சார்ந்த துறைகளுக்காக 2021இல் வந்த தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் டயட்டீஷியனும் வருவதுதான் காரணம். பழைய விளம்பரத்தைக் காட்டி யாராவது "சேர்க்கை நடக்கிறது" என்றால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். இந்தத் தடையை நான் வரவேற்கிறேன். குடும்பப் பெண்கள் பலருக்குத் தபால் வழி மட்டும்தான் திறந்திருந்தது என்பது தெரிந்தே சொல்கிறேன்.

மாமனார் கேட்டது நியாயமான கேள்வி. நல்ல உடம்போடு இருப்பவருக்கு எதைச் சாப்பிடலாம் என்று சொல்ல எம்.எஸ்ஸி. வேண்டியதில்லை, அவர் வீட்டுப் பாட்டியே போதும். ஊரே நல்லது என்று சொல்லும் உணவு ஒருவருக்குக் கேடாக முடியும் இடத்தில்தான் அந்தப் படிப்பு தேவைப்படுகிறது.

ஒரு மருத்துவமனையில் பயிற்சி மாணவிகளை நான் கவனித்துக்கொண்ட காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். டயாலிசிஸுக்கு வரும் ஒருவருக்குப் பொட்டாசியம் இறங்கவே இல்லை. மாணவி ஒருத்தி போய் முந்தைய நாள் அவர் சாப்பிட்டதைக் கேட்டு எழுதிவந்தாள். காலையில் மூன்று இட்லி, மதியம் சோறு, ரசம், கோவைக்காய்ப் பொரியல், இரவு இரண்டு தோசை. தாளில் ஒரு குறையும் இல்லை. "திரும்பப் போய் அவர் மனைவியிடம் கேள்" என்றேன். அந்த அம்மா சொன்னார்: "உப்பைக் குறைக்கச் சொன்னீர்களே, அதனால் சோடியம் குறைந்த உப்பாகப் பார்த்து வாங்கிப் போடுகிறேன். வெயிலுக்கு மட்டும் தினம் ஒரு இளநீர்."

அந்த உப்பில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம். ரத்த அழுத்தம் மட்டும் உள்ளவருக்கு அது உதவும். சிறுநீரகம் பழுதானவருக்கோ பொட்டாசியம் வெளியேற வழியில்லை. ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். இளநீரும் அதே கதைதான். அதற்குப் பிறகு அந்த மாணவி யாரிடமும் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று தொடங்கியதில்லை. "உங்கள் வீட்டில் சமைப்பவர் யார்?" என்றுதான் தொடங்குவாள்.

இது புத்தகத்தில் இல்லாததல்ல. பொட்டாசியம் பாடம் வகுப்பிலேயே வந்துவிடும். காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் குறையும் என்று தேர்வில் எல்லோரும் எழுதுவார்கள். ஆனால் வடித்த காயில் ருசி எங்கே என்று கேட்கும் மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டும். டயாலிசிஸுக்கு முன் பருப்பைக் குறைக்கச் சொன்ன அதே வாய், டயாலிசிஸ் தொடங்கியபின் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும், முட்டை சாப்பிடுங்கள் என்று சொல்ல வேண்டும். முதலில் சொன்னது பொய்யா என்று அவர்கள் முறைப்பார்கள். அந்த முறைப்பைத் தாங்கப் பழகுவது வார்டில்தான்.

இன்னொன்று, இதைவிடக் கடுமையானது. பல நாட்கள் சாப்பாடே இறங்காமல் எலும்பும் தோலுமாக வருபவருக்கு உடனே வயிறார ஊட்டினால் உயிருக்கே ஆபத்து. மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றும் உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டு, ரத்தத்தில் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். அதனால் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்துவிட்டு, கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 கலோரி அளவில் தொடங்கி, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். 40 கிலோ உடம்புக்கு 400 கலோரி. பக்கத்தில் பாசத்தோடு ஃபிளாஸ்க் நிறையக் கஞ்சியுடன் நிற்கும் மகனைத் தடுப்பவர் டயட்டீஷியன். மூன்று மாதச் சான்றிதழ் இந்த இடத்துக்குக் கொண்டுவந்து விடாது. உங்கள் தோழியைக் குறை சொல்லவில்லை. நோயில்லாதவர் எடை குறைக்க அவர் உதவட்டும்; சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர் வந்தால் டாக்டரிடமும் பயிற்சி பெற்ற டயட்டீஷியனிடமும் அனுப்பிவிடட்டும்.

எங்கே படிப்பது? கோவை அவினாசிலிங்கம் போல மனையியல் மரபில் வந்த நிறுவனங்களும் உண்டு, மருத்துவக் கல்லூரியோடு இணைந்த பல்கலைக்கழகங்களும் உண்டு. பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மருத்துவமனைப் பயிற்சி எத்தனை வாரம், எந்த வார்டுகள், வழிநடத்துபவர் அங்கே வேலை பார்க்கும் டயட்டீஷியனா, இந்த மூன்றையும் கேளுங்கள். "அதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று அலுவலகத்தில் சொன்னால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள். சமையல் ஆய்வுக்கூடத்தில் தராசு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருட்களின் சத்து விவரம் இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் சமைக்காத பொருளின் கணக்கு. நோயாளி தின்பது இட்லி. ஒரு கரண்டி மாவில் அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு என்று கையால் எடைபோட்டுப் பழகாமல் அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. (அந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் மெக்காரிசன் என்ற மருத்துவரின் சிறிய ஆய்வாக, தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றித் தொடங்கி, பின்னர் ஹைதராபாத்துக்குப் போனது. மாமனாருக்கு ஊர்ப்பெருமை உண்டு என்றால் இதைச் சொல்லிவையுங்கள்.)

எம்.எஸ்ஸி.யும் மருத்துவமனைப் பயிற்சியும் முடிந்தபின் இந்திய உணவியல் சங்கம் நடத்தும் பதிவுத் தேர்வை எழுதுங்கள். நல்ல மருத்துவமனைகள் அதைக் கேட்கின்றன. வெளிநாட்டு யோசனை இருந்தாலும் பட்ட மேற்படிப்பு வீண் போகாது: அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல் பதிவுத் தேர்வுக்கே முதுநிலைப் பட்டம் கட்டாயம். பிரிட்டனில் பதிவு இல்லாதவர் தன்னை டயட்டீஷியன் என்று சொல்லிக்கொள்வதே குற்றம்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; நானே சொல்கிறேன். தொடக்கத்தில் குறைவு, படித்த படிப்புக்குக் கூச்சப்படும் அளவுக்குக் குறைவு. அரசு வேலை இடங்களும் சொற்பம். முதல் சில ஆண்டுகள் வீட்டில் யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். இதைக் கணவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். மகளை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். காலை ஏழு மணிக்கு வார்டில் இருக்க வேண்டிய நாட்கள் வரும்.

சேர்க்கைக்கு இன்னும் மாதங்கள் இருக்குமானால் பழைய உயிர்வேதியியல் நோட்டை எடுத்து வையுங்கள். இடைவெளி விட்டு வருபவர்கள் தடுமாறுவது அதில்தான். சிறுநீரகமும் கல்லீரலும் வரும் பாடங்களை முதலில் படியுங்கள்.

அன்புடன்,
அக்கா