புதிர்களை விடுவித்தபடியே ஒரு ஊரைச் சுற்றிப் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். இதற்கு ஏற்றதாக உலகம் முழுக்க ஆடப்படுவது ஜியோகேச்சிங்: ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியை மற்றவர்கள் ஜிபிஎஸ் உதவியால் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. 2000 மே மாதத் தொடக்கத்தில், ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது; அதனால் சாதாரண மக்களும் ஓர் இடத்தை முன்பைவிடத் துல்லியமாகக் கண்டுபிடிக்க முடிந்தது. ஓரிரு நாளிலேயே அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். அங்கே பிடித்த சூடு இன்னும் தணியவில்லை.

நகரத்துக்கு ஏற்றது 'மல்டி' வகைதான். முதல் இடத்தில் பெட்டி இருக்காது. கல்வெட்டில் உள்ள ஆண்டு, வாசலில் உள்ள தூண்களின் எண்ணிக்கை என்று எதையாவது குறித்துக்கொண்டு கூட்டிக் கழித்தால் அடுத்த இடம் கிடைக்கும். கடைசியில் இருப்பது பெரும்பாலும் கட்டைவிரல் அளவு டப்பா, உள்ளே பெயர் எழுத ஒரு காகிதச் சுருள். அவ்வளவுதான் புதையல்!

சென்னையில் நண்பர்களுக்கு நீங்களே ஒன்று அமைக்கலாம். தீவுத்திடல் பக்கம், குதிரை மேல் அமர்ந்திருக்கும் மன்றோ சிலையில் நிறுத்தி, "இந்தச் சவாரிக்கு என்ன குறை?" என்று கேளுங்கள். சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை; தினமும் பஸ்ஸில் கடப்பவர்களே விழிப்பார்கள். பெட்டி மட்டும் ஒளிக்காதீர்கள். கேட்பாரற்ற பொட்டலம் என்று யாராவது போலீஸைக் கூப்பிட்டுவிடுவார்கள். விடைகளை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு அடுத்த குறிப்பை அனுப்பினால் போதும்.