நேர்மையும் சாமி நம்பிக்கையும் வைத்துக்கொண்டு சொந்தத் தொழிலில் நிற்க முடியுமா?

“பெங்களூரில் வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கப் போகிறேன். யாரையும் ஏமாற்றாமல், கடவுளை நம்பி நடத்தினால் பிழைக்க முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். மாதச் சம்பளக்காரர், கையில் கொஞ்சம் சேமிப்பு, வீட்டில் எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

முடியும். ஆனால் நேர்மைக்குச் செலவு உண்டு. அந்தக் காசை முன்கூட்டியே எடுத்து வைக்காதவர்கள்தான் பாதியில் வழுக்கி விழுகிறார்கள். நானும் விழப் பார்த்தவன்.

ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்தேன். அப்பா மில் தொழிலாளி. 2013-ல் பெங்களூர் தொழிற்பேட்டையான பீனியாவில் வாடகை ஷெட் பிடித்து, பழைய லேத் (இரும்பு கடையும் மெஷின்) ஒன்றோடு தொடங்கினேன். 2018-ல், ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்பு, பம்பு கம்பெனி ஒன்றுக்கு 1,400 ஷாஃப்ட் (பம்புக்குள் சுழலும் தண்டு) கடைந்து கொண்டிருந்தோம். அந்த ஆர்டர் கிடைக்க வேண்டும் என்று அம்மா ஒன்பது வியாழக்கிழமை விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார். நாங்கள் இந்துக்கள்தான். இந்த ஊர்த் தமிழர்களுக்கு இது புரியும்.

டிராயிங்கில் ஈஎன்8 ஸ்டீல், அதாவது கார்பன் கொஞ்சம் அதிகமுள்ள ரகம் என்று இருந்தது. சப்ளையர் கொடுத்த டெஸ்ட் சர்டிஃபிகேட்டிலும் அப்படித்தான். லேத் ஓட்டும் எங்கள் மூத்த டர்னர் தங்கவயல்காரர், தினமும் ரயிலில் வந்து போகிறவர். ஒரு மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டு, “தம்பி, கடையும்போது வர்ற இரும்புச் சுருள் நூல் மாதிரி நீளமா வருது, இது ஈஎன்8 இல்ல” என்றார். இரண்டு துண்டுகளை எடுத்து கிரைண்டிங் வீலில் வைத்துக் காட்டினார். ஒன்றில் தீப்பொறி கிளை கிளையாக வெடித்தது. மற்றொன்றில் கோடு கோடாக ஓடி அணைந்தது. கார்பன் அதிகமுள்ள இரும்புதான் அப்படி வெடிக்கும். இரண்டாவது சாதாரண எம்எஸ், கார்பன் குறைந்த மைல்டு ஸ்டீல். முழு லாட்டையும் பொறி வைத்துப் பார்த்ததில் 460 எம்எஸ்.

அந்த ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடத்தை வாங்குகிறவர்கள் சூடாக்கிக் கடினமாக்குவார்கள், ஹார்டனிங் என்பது அதுதான். ஈஎன்8-ல் ஏறும் கடினம் எம்எஸ்ஸில் ஏறாது. ஓட ஓடத் தேயும். அவர்கள் ஸ்டோரில் வெர்னியர், மைக்ரோமீட்டர் வைத்து அளவு மட்டும்தான் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அனுப்பியிருந்தால் போயிருக்கும். எங்கோ ஒரு தோட்டத்தில் பம்பு நின்றுபோனால் என் ஷெட்டைத் தேடி யார் வரப் போகிறார்கள்?

இரண்டு ராத்திரி யோசித்தேன். முதல் நொடியிலேயே முடிவெடுத்தேன் என்று எழுதினால் அது பொய். சப்ளையர், “வெட்டின மாலைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்று போனை வைத்துவிட்டார். ஆட்களுக்கு போனஸ் கொடுக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு லேத்துக்குச் சந்தனம், குங்குமம் வைப்போம், பூசணி உடைப்போம். அன்று அந்த ஷாஃப்ட் பெட்டிகளும் அங்கேயே இருக்கும். அதன் முன்னால் நின்று சூடம் காட்ட என்னால் ஆகாது என்று தோன்றியது. எனக்கு சாமி நம்பிக்கை என்பது அவ்வளவுதான். ஆர்டர் வாங்கிக் கொடுத்தது சாமி என்றால், அதில் கலப்பட இரும்பை எப்படி அனுப்புவேன்?

கம்பெனிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பர்ச்சேஸ் அதிகாரி பாராட்டுவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். திட்டினார். தாமதத்துக்குப் பணம் பிடித்தார்கள். புது ராடு வாங்கிக் கடைந்து கொடுத்ததில் மொத்தம் 1,12,000 ரூபாய் போனது. மனைவியின் சங்கிலியை அடகு வைத்துத்தான் போனஸ் கொடுத்தேன். அந்தக் கம்பெனி அதற்குப் பிறகு ஒரு ஆர்டரும் தரவில்லை, இன்று வரை. வேறு இடங்களில் அலைந்து பிழைத்தேன்.

“பெரிய யோக்கியன்” என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். முதல் வருஷம் ஒரு பர்ச்சேஸ் ஆளுக்கு இரண்டு சதவீதம் கமிஷன் கொடுத்தவன் நான். கொடுத்தால்தான் பில் பாஸாகும் என்றார், கொடுத்தேன். வாடகைக்குக் காசு இல்லாத மாதம் அது. கையில் மூன்று மாத வாடகை இருந்திருந்தால் எழுந்து வந்திருப்பேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனசில்லை. சிறு தொழில்காரனுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. எனக்கு 120 நாளில் வருகிறது. கேட்டால் “அடுத்த வாரம் சார்” என்கிறார்கள். புகார் கொடுக்க வழி இருக்கிறது. கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது. ஆனால் லட்ச ரூபாய்க்கு பில் போட்டால் 18,000 ஜிஎஸ்டியில், சரக்கு வாங்கும்போது கட்டியது போக மீதியை அடுத்த மாதமே நான் கட்டியாக வேண்டும், என் கைக்கு ஒரு ரூபாய் வராவிட்டாலும். பெரிய மேடைகளில் தொழில்முனைவோருக்கு நேர்மை பற்றி வகுப்பு எடுக்கிறவர்கள், முதலில் தங்கள் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்டை 45 நாளில் செக் போடச் சொல்லட்டும். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

சரி, உங்கள் விஷயம். வேலையை விடுவதற்கு முன் ஆறு மாத வாடகையும் ஆள் சம்பளமும் தனிக் கணக்கில் போடுங்கள். மெஷினைப் பழசாகவே வாங்குங்கள். ஈஎம்ஐ கழுத்தை நெரிக்கும்போது 460 ஷாஃப்ட்டை ஒதுக்கி வைக்க மனசு வராது. எல்லாப் பணத்தையும் ஒரே கம்பெனியை நம்பிப் போடாதீர்கள். சாமியைக் கும்பிடுங்கள், கூடவே வந்த சரக்கையும் சோதித்துப் பாருங்கள். சர்டிஃபிகேட் வெறும் காகிதம்.

இயந்திரத் தொழில்தான் என்றால் ஒரு நாள் பீனியா பக்கம் வாருங்கள். அந்த இரண்டு துண்டுகளும் இன்னும் என் மேஜை மேல் இருக்கின்றன. எங்கள் டர்னர் அண்ணன் இருக்கும்போது வந்தால் பொறி பார்க்கச் சொல்லித் தருவார்.