பையில் குறைந்ததெல்லாம் செரித்ததா?

அன்புள்ள ஐயா,

கால்நடைத் தீவனவியலில் ஆய்வு மாணவி நான். ஒரே மரத்தழையை நைலான் பையில் கட்டி மாட்டின் முதல் இரைப்பையான ரூமனுக்குள் வைத்தால் நன்றாகச் செரிப்பதாகத் தெரிகிறது. அதையே ரூமன் நீரோடு கண்ணாடி சிரிஞ்சில் போட்டு, வரும் வாயுவை அளந்தால் மட்டமான தீவனம் என்று வருகிறது. எதை நம்புவது?

– ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

இரண்டுமே செரிமானத்தை நேரடியாக அளப்பவை அல்ல. பையிலிருந்து எவ்வளவு காணாமல் போனது என்கிறது ஒன்று. நுண்ணுயிர்கள் எவ்வளவு வாயு விட்டன என்கிறது மற்றது.

பைத்துணியின் கண், அதாவது துளை, ஏறக்குறைய 50 மைக்ரான். தழையை மாவாக அரைத்திருந்தால் தூள் செரிக்காமலே வெளியேறி, செரித்த கணக்கில் ஏறிவிடும். மாட்டுக்குள் வைக்காத ஒரு பையையும் அதேபோல் அலசி, உலர்த்தி, எடை பாருங்கள். அதிலேயே கணிசமாகக் குறைந்திருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது.

மீதிப் பாதி, தழையில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் என்பது என் ஊகம். பையிலிருந்து கரைந்து வரும் டானின் அவ்வளவு பெரிய ரூமனில் நீர்த்துப் போகும். சிரிஞ்சில் அதற்குப் போக்கிடம் இல்லை. புரதத்தையும் நொதிகளையும் பிடித்துக்கொண்டு நுண்ணுயிர்களை முடக்கும். சோதிப்பது சுலபம். ஒரே தழையை பாலிஎத்திலீன் கிளைக்கால் சேர்த்து ஒரு வரிசை, சேர்க்காமல் ஒரு வரிசை வையுங்கள். அது டானினைத் தன்னோடு கட்டிக்கொள்ளும். சேர்த்த வரிசையில் வாயு ஏறினால் குற்றவாளி டானின்தான். ஏறாவிட்டால் புரதத்தைப் பாருங்கள்: புரதம் சிதையும்போது வரும் அம்மோனியா கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து வைப்பதால், புரதம் மிகுந்த தழை வாயுக் கணக்கில் எப்போதும் கொஞ்சம் ஏமாற்றும்.

தழை போடாமல் ரூமன் நீர் மட்டும் விட்ட சிரிஞ்சுகளை வைத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த நீரும் தன் பங்குக்கு வாயு விடும்; கழிக்காவிட்டால் எல்லா எண்ணும் ஊதிப்போகும். நீரைத் தீனி போடும் முன்பே எடுத்து, சூடு ஆறாத ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்து, கார்பன் டை ஆக்சைடு ஓடவிட்டபடி துணியில் வடிகட்டுங்கள். நாற்றம் பழகிவிடும். சிரிஞ்சுக்குள் நகரும் உலக்கைக்கு வாஸ்லின் தடவ மறந்தால் அது சிக்கி நிற்கும். வாயு குறைந்ததாகப் படும்.

முடிந்தால் 1963இல் டில்லி, டெர்ரி என்ற ஆய்வாளர்கள் தந்த முறையிலும் ஓட்டிவிடுங்கள்: 48 மணி நேரம் ரூமன் நீரில், பிறகு 48 மணி நேரம் அமிலமும், புரதத்தைச் செரிக்கும் நொதியான பெப்சினும். பழசுதான், நான் இன்னும் அதன் பக்கம். தின்றதையும் சாணத்தையும் எடைபோட்டு மாட்டிலேயே அளப்பதற்கு ஈடில்லை. ஆனால் உங்களிடம் இருக்கும் தழைக்கு மாட்டின் ஒருவேளைத் தீனிகூடத் தேறாது என்று நினைக்கிறேன்.

ஆய்வேட்டில் இரண்டு எண்களையும் போடுங்கள், பக்கத்திலேயே கிளைக்கால் வரிசையையும்.